கடலில் உயிர் பிழைத்தல்: ஒரு பயிற்சியின் சமூக வரலாறு

1

வணிகக் கப்பலொன்றில் முதன்முறையாகப் பணியேற்கச் செல்லும் எவரும் இன்று, கப்பலில் ஏறுமுன்னர், நீச்சற்குளமொன்றின் ஓரத்தில் நின்று சில செயல்களைச் செய்துகாட்ட வேண்டும். உயிர்காப்பு அங்கியை அணிதல், குளிர் நீரிலிருந்து உடலைக் காக்கும் முழு உடையை அணிதல், உயரத்திலிருந்து நீரினுட் காயமின்றிக் குதித்தல், அங்கியோடு நீந்துதல், அங்கியின்றியும் மிதந்து நிற்றல், கவிழ்ந்து கிடக்கும் தெப்பத்தை நிமிர்த்துதல், நீரிலிருந்து அதனுள் ஏறுதல், அது காற்றில் அடித்துச் செல்லப்படாதவாறு துணி நங்கூரத்தை விடுதல், இருக்குமிடத்தை அறிவிக்கும் கருவிகளை இயக்குதல் என்பன அவை. சர்வதேச உடன்படிக்கையொன்றின் அட்டவணையில் இவை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தனியாள் உயிர்பிழைப்பு நுட்பங்கள் என்பது இப்பயிற்சிக்கு வழங்கும் பெயர்.

மேலோட்டமாக நோக்குமிடத்து இது வெறும் தொழில்நுட்ப விடயமாகவே தோன்றும். ஆயினும் பாடத்திட்டம் எதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை. எது கற்பிக்கத்தக்கது, யாருக்குக் கற்பிக்கத்தக்கது, யார் செலவிற் கற்பிக்கத்தக்கது என்பன சமூக உறவுகளால் நிர்ணயிக்கப்படுவன. மனிதர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கடலோடி வந்துள்ளனர்; கடலில் மாண்டும் வந்துள்ளனர். அவ்வாறிருக்க, கப்பலை இழந்த தொழிலாளி தன்னுயிரைக் காத்துக்கொள்வதற்கான முறையான பயிற்சி கடலோடிகள் யாவர்க்கும் உரிய கட்டாயமாக இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலேதான் வந்து சேர்ந்தது. இத்தாமதம் ஏன் நிகழ்ந்தது என்பதே எமது முதல் வினா. தாமதித்து வந்த பயிற்சி எத்தகைய கருத்துநிலையைத் தன்னுடன் சுமந்து வந்தது என்பது அதனோடிணைந்த இரண்டாவது வினா. பிரித்தானிய வணிகக் கப்பற்றுறையின் வரலாற்றை முதன்மையாகக் கொண்டே இவ்வினாக்களை நாம் அணுகுகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் உலகக் கடல் வணிகத்தின் பெரும்பங்கு அதன் கையிலிருந்தது. பின்னர் உலகப் பொதுவான சட்டங்கள் பலவும் அதன் அனுபவத்திலிருந்தே உருப்பெற்றன.

2

பாய்க்கப்பற் காலத்து ஆங்கிலக் கடற்சட்டத்தில் ஒரு கோட்பாடு நிலவிற்று. கப்பற் கூலியே மாலுமியின் சம்பளத்துக்குத் தாய் என்பது அதன் சாரம். சரக்கு உரிய துறைமுகத்தைச் சேர்ந்தாலன்றி உரிமையாளருக்குக் கூலி கிடையாது. உரிமையாளருக்குக் கூலி கிடையாதெனில் மாலுமிக்குச் சம்பளமும் கிடையாது. எனவே கப்பல் அமிழ்ந்தால், உயிர் தப்பியவன் அதுவரை உழைத்த மாதங்களின் ஊதியத்தையும் இழந்தான். 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் இக்கோட்பாட்டை நீக்கியது. ஆனால் நீக்கிய முறை கவனிக்கத்தக்கது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற மாலுமி தன்னால் இயன்றவரை முயலவில்லை என்று நிறுவப்பட்டால் அவனது கோரிக்கை தள்ளுபடியாகும் என அச்சட்டமே விதித்தது. கப்பல் உடைந்த நாளுடன் சம்பளமும் நின்றுவிடும் என்பதும் தொடர்ந்து சட்டமாகவே இருந்தது. அதாவது, ஆபத்து வேளையில் மாலுமியின் முதற்கடமை எதுவெனச் சட்டம் ஐயத்துக்கிடமின்றிக் கற்பித்தது. அது சொத்தைக் காத்தல். தன்னைக் காத்தல் பற்றி அது எதனையும் கற்பிக்கவில்லை.

அக்காலத்து மாலுமிகளுட் பலருக்கு நீச்சல் தெரியாது. இது அவர்களது அறியாமையின் சான்றாகப் பிற்காலத்தாராற் கூறப்படுவதுண்டு. ஆனால் நடுக்கடலில் வீழ்ந்தவனுக்காகப் பாய்க்கப்பல் திரும்பி வருவது அரிதாயிருந்த நிலையில், நீச்சல் என்பது சாவை நீட்டிப்பதற்கான திறமை மட்டுமே என்று அவர்கள் கருதியதில் ஒரு கசப்பான பகுத்தறிவு இருந்தது. நுட்பம் பயனுடையதாவதற்கு அதனைச் சூழ்ந்த ஏற்பாடு வேண்டும் என்ற உண்மையை அவர்கள் வேறொரு வழியில் அறிந்திருந்தனர்.

ஏற்பாடு முதலிற் கரையிலிருந்தே வந்தது. 1824இல் நிறுவப்பட்ட பிரித்தானிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் மேற்பார்வையாளரான கப்டன் வார்ட், 1854இல் தக்கைத் துண்டுகளாலான அங்கியொன்றை உருவாக்கினார். 1861இல் விற்பி என்னும் ஊரின் உயிர்காப்புப் படகு கவிழ்ந்தபோது, அதிலிருந்த பதின்மூவருள் அவ்வங்கியை அணிந்திருந்த ஒருவர் மட்டுமே பிழைத்தார். பயன் ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்ட பின்னரும், வணிகக் கப்பலிற் பணிபுரிந்தோர் யாவர்க்கும் அங்கி எட்டுவதற்கு நீண்டகாலம் சென்றது. அறிவு இருந்தும் அது பரவாமைக்கான காரணத்தை அறிவினுள் தேடுவது வீண். அதனைக் கணக்குப் புத்தகத்திலேதான் தேடவேண்டும்.

அக்கணக்குப் புத்தகத்தைப் பாராளுமன்றத்தில் விரித்துக் காட்டியவர் சாமுவேல் பிளிம்சொல். 1873இல் வெளியான அவரது நூல், பழுதடைந்த கப்பல்களை அளவுமீறிச் சுமையேற்றி, மதிப்புக்கு மிஞ்சிய காப்புறுதி செய்து அனுப்பும் வழக்கத்தை அம்பலப்படுத்தியது. சவப்பெட்டிக் கப்பல்கள் என அவை பெயர் பெற்றன. அமிழும் கப்பல் மிதக்கும் கப்பலினும் இலாபகரமானதாக இருக்கக்கூடிய ஓர் அமைப்பில், மாலுமிக்கு உயிர்காப்புப் பயிற்சி என்ற எண்ணமே எழ இடமில்லை. 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் பக்கத்திற் சுமைக்கோடு வரையப்படவேண்டும் என்றது. ஆனால் எவ்விடத்தில் என்பதை உரிமையாளரே தீர்மானிக்க விட்டது. கோட்டின் இடத்தைச் சட்டம் நிர்ணயிக்க 1890 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. உயிர்காப்பு வரலாற்றில் மீண்டும் மீண்டும் நாம் காணும் கோலம் இதுவே: விதி முதலில் வரும், அதன் உள்ளடக்கம் பின்னரே வரும்.

3

கப்பலைக் கைவிடுதல் என்ற நிகழ்ச்சியை அக்காலக் கருத்துலகம் எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு இலக்கியம் நல்ல சான்று தருகிறது. 1880ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் இஸ்லாமிய யாத்திரிகரை ஏற்றிச்சென்ற ஜெத்தா என்னும் கப்பலை, அது அமிழப்போகிறதென எண்ணி, அதன் ஐரோப்பிய அதிகாரிகள் கைவிட்டுப் படகேறினர். கப்பல் அமிழவில்லை; யாத்திரிகருடன் ஏடனுக்கு இழுத்து வரப்பட்டது. இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு ஜோசப் கொன்ராட் எழுதிய லோர்ட் ஜிம் நாவல் 1900இல் நூலாக வெளிவந்தது. நாவலின் தொடக்கத்திலேயே கதாநாயகன் பயிற்சிக் கப்பலொன்றில் அறிமுகமாகிறான் என்பது எமது ஆய்வுக்கு முக்கியமானது. அங்கும் மீட்புப் படகில் ஏறவேண்டிய கணத்தில் அவன் தயங்கி நின்றுவிடுகிறான். பயிற்சி என்பது இங்கு ஒருவனின் உள்ளத் திண்மையை உரைத்துப் பார்க்கும் கல்லாகவே அமைகிறது. கொன்ராட்டின் கலை மேதைமையை நாம் மறுக்கவில்லை. தாமே கடலோடியாக வாழ்ந்தவர் அவர். எனினும் அதிகாரி ஒருவனின் மனச்சாட்சி முழு நாவலையும் நிரப்ப, கீழ்த்தளத்தில் உறங்கிய யாத்திரிகர் பெயரற்ற திரளாகவே நின்றுவிடுகின்றனர். அவர்களுக்குப் போதிய படகுகள் இருந்தனவா என்ற வினா, ஜிம் கோழையா என்ற வினாவின் நிழலில் மறைந்துபோகிறது.

படகுகளின் எண்ணிக்கை பற்றிய வினாவை மறைக்க இயலாமற் செய்தது 1912 ஏப்ரலில் நிகழ்ந்த ரைற்றானிக் அழிவாகும். அன்றைய பிரித்தானிய விதிகள் 1894இல் வகுக்கப்பட்டவை. படகுகளின் தொகையை அவை கப்பலின் தொன் அளவைக் கொண்டே கணித்தன. 10,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் யாவும் ஒரே பிரிவினுள் அடக்கப்பட்டன. 46,000 தொன் கொண்ட ரைற்றானிக், 1,178 பேருக்கே போதுமான 20 படகுகளுடன் ஏறத்தாழ 2,200 பேரை ஏற்றிச் சென்றபோது, சட்டத்தை மீறவில்லை. சட்டம் கேட்டதற்கு மேலாகவே வைத்திருந்தது.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. பிழைத்தவர் தொகை எழுநூற்றுக்குச் சற்றே அதிகம். ஆகவே இருந்த இடங்களிலும் நானூற்றுக்கு மேற்பட்டவை வெறுமையாகவே சென்றன. 65 பேருக்குரிய ஒரு படகு 28 பேருடனும், 40 பேருக்குரிய வேறொன்று 12 பேருடனும் இறக்கப்பட்டன. நிறைசுமையுடன் இறக்கினால் படகு முறிந்துவிடுமோ என்று அதிகாரிகள் அஞ்சினர். அத்தகைய சுமையுடன் அப்படகுகள் முன்னரே சோதிக்கப்பட்டிருந்ததை அவர்கள் அறிந்திருக்கவில்லை. படகுப் பற்றாக்குறையோடு பயிற்சிப் பற்றாக்குறையும் சேர்ந்தே அவ்விரவு உயிர்களைக் கொண்டது. சுமார் 900 பணியாளருள் இருநூற்றுச் சொச்சம் பேரே கரை சேர்ந்தனர். கப்பல் அமிழ்ந்த கணத்தோடு அவர்களது சம்பளமும் நின்றது.

இலண்டனிற் கூடிய மாநாட்டில் 1914 ஜனவரியிற் கைச்சாத்திடப்பட்ட கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, எல்லோர்க்கும் படகில் இடம் என்பதோடு, சான்றிதழ் பெற்ற படகோட்டிகள் கப்பலில் இருக்கவேண்டும் என்ற நியதியையும் கொண்டுவந்தது. உயிர்காப்பு என்பது கற்றுத் தேறிச் சான்று பெறவேண்டிய ஓர் அறிவு எனப் பன்னாட்டு அரங்கில் ஒப்புக்கொள்ளப்பட்டது இவ்வாறே. முதல் உலகப் போர் மூண்டமையால் அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. அதன் கருத்துகள் 1929ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே மீண்டும் உயிர்பெற்றன. 1920இல் சர்வதேசத் தொழில் தாபனம், கப்பல் அழிந்தமையால் வேலையிழந்த மாலுமிக்கு இரண்டு மாதச் சம்பளம்வரை இழப்பீடு வழங்க வகைசெய்யும் உடன்படிக்கையொன்றை நிறைவேற்றியது.

இக்காலத்து முன்னேற்றங்களை நாம் கண்மூடிப் புகழ்வதற்கில்லை. 1915இல் ஐக்கிய அமெரிக்காவிற் சட்டமான மாலுமிகள் சட்டம், வேலையை விட்டு நீங்கும் மாலுமியைக் கைதுசெய்யும் கொடுமையை ஒழித்தது. பயிற்சி பெற்ற படகோட்டிகளையும் கட்டாயமாக்கியது. அதற்காகப் பல்லாண்டுகள் போராடியவர் தொழிற்சங்கத் தலைவர் அன்ட்று பியூறுசெத். அதே சட்டம், ஒவ்வொரு பிரிவிலும் பணியாளருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேராவது அதிகாரிகளின் கட்டளைமொழியை விளங்கிக்கொள்பவராக இருக்கவேண்டும் என்றும் கூறிற்று. ஆபத்து வேளையிற் கட்டளை விளங்கவேண்டும் என்பது நியாயமே. ஆனால் ஆசிய மாலுமிகளை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து அகற்றும் நோக்கமும் அதில் ஒளிந்திருந்தது; பியூறுசெத் தமது ஆசிய எதிர்ப்பை மறைத்ததில்லை. குறைந்த கூலிக்கு ஆசியரை அமர்த்தியது மூலதனம். அதனை எதிர்த்த வெள்ளைத் தொழிலாளரின் தலைமை, மூலதனத்தை விடுத்து ஆசியரையே எதிரியாகக் கொண்டது. பாதுகாப்பு எனும் சொல்லுக்குள் வர்க்க நலனும் இன வேற்றுமையும் ஒருங்கே குடியிருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

4

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரித்தானிய வணிகக் கப்பற் பணியாளருள் ஏறத்தாழக் காற்பங்கினர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள். வங்காளம், கொங்கணம், கோவா, பஞ்சாப் முதலிய பகுதிகளிலிருந்து வந்த இவர்கள் தனியான ஒப்பந்தங்களின்கீழ், வெள்ளை மாலுமிகளினும் மிகக் குறைந்த ஊதியத்துக்கு உழைத்தனர். 1939இன் இறுதியிற் பிரித்தானியத் துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, பலர் சிறையும் சென்று, ஊதிய உயர்வு பெற்றமை எமது நாடுகளின் தொழிலாளர் வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டிய நிகழ்ச்சியாகும்.

1940 செப்தெம்பர் 17ஆம் நாளிரவு, கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 ஆங்கிலச் சிறுவரையும் வேறு பயணிகளையும் ஏற்றிச்சென்ற சிற்றி ஒவ் பனாரஸ் என்னும் கப்பல் அத்திலாந்திக்கில் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 260 பேர் இறந்தனர். சிறுவருள் 77 பேர் மாண்டனர். இறந்த கப்பற் பணியாளரிற் பெரும்பாலோர் இந்தியர். வெப்பநாட்டுத் தொழிலுக்கான மெல்லிய உடையுடன், நீர் நிரம்பிய படகுகளில் இரவு முழுவதும் அமர்ந்திருந்தவர்களைக் கொன்றது நீர் மட்டுமன்று, குளிர். தப்பிய படகொன்று 46 பேருடன் எட்டு நாட்கள் அலைந்து மீட்கப்பட்டது. அதிலிருந்த ஆறு சிறுவரதும் அவர்களைப் பேணிய ஆசிரியையினதும் கதை பலவாறு எழுதப்பட்டுள்ளது, அக்கதை எழுதப்படவேண்டியதே. ஆனால் அப்படகிலிருந்தோரிற் பெரும்பாலோர் லஸ்கர்கள். அவர்களது பெயர்களைச் சொல்லும் நூல்கள் மிகச் சில. லோர்ட் ஜிம்மின் யாத்திரிகருக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர்ந்தது.

போர் ஒரு பொருளாதார உண்மையை வெளிக்கொணர்ந்தது. கப்பலை மீண்டும் கட்டலாம். தேர்ந்த மாலுமியை உடனே உருவாக்க இயலாது. மாலுமியின் உயிர் ஆட்சியாளரின் கணக்கில் ஏறிய காலம் இதுவே. படகுகளில் நீரும் உணவும் பெருக்கப்பட்டன. எளிதிற் கண்ணிற்படும் செந்நிறப் பாய்கள் வந்தன. அங்கிகளிற் சிறு விளக்குகள் பொருத்தப்பட்டன. 1941இல் நடைமுறைக்கு வந்த ஆணையொன்று, பிரித்தானிய மாலுமிகளுக்கு இரு பயணங்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் ஊதியம் வழங்க ஏற்பாடு செய்தது. தர்ம சிந்தனை சாதிக்காததை உழைப்பாளர் பற்றாக்குறை சாதித்தது.

இதே 1941இல் வேல்சின் அபர்டோவி என்னுமிடத்தில் ஒரு கடற்பள்ளி திறக்கப்பட்டது. புளூ பனல் கப்பற் கம்பனியின் பங்காளரான லோறன்ஸ் ஹோல்ற்றும் ஜேர்மனியிலிருந்து வெளியேறிய கல்வியாளர் குர்ட் ஹானும் இதன் பின்னின்றனர். தாக்கப்பட்ட கப்பல்களின் படகுகளில், உடல் வலுமிக்க இளைஞர் மடிய, பாய்க்கப்பற் காலத்திற் பழகிய முதிய மாலுமிகள் பிழைக்கின்றனர் என்பது ஹோல்ற்றின் கருத்து. அதற்குப் பரிகாரமாக ஒரு மாதக் கடற்பயிற்சி வழங்கப்பட்டது. இக்கருத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு. காற்றையும் அலையையும் சிறு படகையும் அறிந்தவனுக்கு அவ்வறிவு துணைநிற்கும். நீராவிக் கப்பலின் இயந்திர அறையில் வளர்ந்தவனுக்கு அவ்வறிவு கிடைக்க வழியில்லை. ஆனால் அனுபவத்தின் குறைபாடு இங்கு குணத்தின் குறைபாடாக மொழிபெயர்க்கப்பட்டது. இளைஞருக்கு வேண்டியது மனத்திண்மை என்ற விளக்கம், திறந்த படகில் அவர்களை அமர்த்திய ஏற்பாட்டைக் கேள்விக்குட்படுத்தவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாவலிற் கண்ட உரைகல் இப்பொழுது கல்விக் கோட்பாடாக வடிவெடுத்தது.

போர்க்காலம் மற்றொரு வகை ஆசானையும் தந்தது. 1942 நவம்பரில் பென்லோமன்ட் என்னும் பிரித்தானியக் கப்பல் தென் அத்திலாந்திக்கில் தாக்கப்பட்டபோது, அதன் சீன ஏவலாளரான பூன் லிம் மரத்தெப்பமொன்றிற் ஏறித் தனியொருவராக 133 நாட்கள் மிதந்து, 1943 ஏப்ரலிற் பிரேசிற் கரையருகே மீட்கப்பட்டார். தெப்பத்திலிருந்த உணவு முடிந்தபின், கைவிளக்கின் கம்பிச்சுருளை வளைத்துத் தூண்டில் செய்தார். துணியை விரித்து மழைநீர் சேர்த்தார். நீச்சலில் வல்லவரல்லராதலாற் கயிற்றினாற் தம்மைத் தெப்பத்தோடு பிணைத்துக்கொண்டார். அவரது முறைகள் கடற்படைப் பயிற்சிக் கையேட்டிற் சேர்க்கப்பட்டன. பிரித்தானிய அரசு பதக்கமும் அளித்தது. ஆனால் போருக்குப்பின் அவர் அமெரிக்காவிற் குடியேற விரும்பியபோது, சீனருக்கான ஒதுக்கீடு குறுக்கே நின்றது. தனிச் சட்டமொன்றின் மூலமே அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆசியத் தொழிலாளியின் அறிவு பெற்ற அனுமதியை ஆசியத் தொழிலாளி இலகுவிற் பெறவில்லை.

5

போர் முடிந்தபின் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் குணம் பற்றிய விளக்கத்தின் அடித்தளத்தைத் தகர்த்தன. பிரித்தானியக் கடற்படை அமைத்த டால்பொட் குழு 1946இல் தந்த அறிக்கையின்படி, போரில் மாண்ட கடற்படையினருள் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர் தாக்குதலின்போது இறக்கவில்லை. கப்பலை விட்டு நீங்கியபின்னரே இறந்தனர். பாதியுடல் நீரில் அமிழ அமர்ந்திருக்கும் மிதவைகளும், மயங்கியவனின் முகத்தை நீருக்குமேல் தாங்காத மிதவைப்பட்டிகளும் அவர்களைக் கைவிட்டன. கொன்றது கோழைமையன்று, குளிர். இதன் விளைவாகவே கூரையும் காற்றடைத்த தரையும் கொண்ட, தானாக விரியும் தெப்பம் உருவாக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு உடன்படிக்கை அதனை வணிகக் கப்பல்களுக்கும் ஏற்றுக்கொண்டது.

மக்கான்சும் அவரது சகாக்களும் 1956இல் வெளியிட்ட ஆய்வு, 1940 முதல் 1944 வரை அமிழ்ந்த கப்பல்களிலிருந்து தப்பியோரின் கூற்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. கடல்நீரைக் குடித்தோர் இருந்த படகுகளில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 39. குடிக்காதோர் படகுகளில் ஏறத்தாழ 3. இதனைப் பிரெஞ்சு மருத்துவர் அலன் பொம்பாரின் முயற்சியுடன் ஒப்புநோக்குதல் பயனுடையது. 1952இல் அவர் சிறிய இறப்பர்ப் படகில் தனியாக 65 நாட்களில் அத்திலாந்திக்கைக் கடந்து, கடல்நீரைச் சிறிது சிறிதாகக் குடித்தும் வாழலாம் என வாதிட்டார். அவரது நெஞ்சுரத்தை யாரும் மறுப்பதற்கில்லை. கைவிடப்பட்ட மாலுமிகளுக்கு நம்பிக்கையூட்டுவதே அவரது நோக்கம். ஆயினும் தீரமிக்க தனிமனிதனின் ஒரு பயணத்துக்கு எதிரே, பெயரறியா மாலுமிகள் பலரின் சாவும் வாழ்வும் சான்றாக நின்றன. கடல்நீரைக் குடியாதே என்று இன்றைய பயிற்சி வகுப்பிற் சொல்லப்படும்போது அங்கு பேசுவது அந்தக் கூட்டுச் சான்றே. அரசியற் பொருளாதார அறிஞர்கள் தனித்தீவு ரொபின்சனிலிருந்து சமூகத்தை விளக்க முற்பட்டதை மார்க்ஸ் எள்ளி நகையாடினார். உயிர்பிழைப்பு அறிவின் வரலாறும் அவர் பக்கமே நிற்கிறது. பூன் லிம்மின் தனிமைகூட, சட்டம் அத்தெப்பத்தில் வைக்கச் செய்திருந்த நீராலும் உணவாலுமே தொடங்கிற்று.

1963 திசெம்பரில் மடெய்ராத் தீவுக்கு வடக்கே லக்கோனியா என்ற உல்லாசக் கப்பல் தீப்பற்றி 128 பேர் இறந்தனர். அங்கு நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை. எம்மவர் குளிரென்பரேயன்றிக் கொல்லும் குளிர் என எண்ணார். இறந்தோரிற் பலர் அங்கி அணிந்து மிதந்தவர்கள். உடலியலாளர் கீற்றிங் இவ்விறப்புகளை ஆராய்ந்து, மிதந்தவர்களைக் கொன்றதும் உடற்குளிர்வே எனக் காட்டினார். குளிர்நீரில் வெறுமனே நீந்துவது உடலைச் சூடாக்காது, மாறாக விரைந்து குளிரச்செய்யும் என்பதும், உடைகளைக் களையாது அணிந்தே குதிக்கவேண்டும் என்பதும் அவரது பரிசோதனைகளால் உறுதிப்பட்டன. நீரில் வீழ்ந்தவன் உடையைக் களைந்து உடலைச் சூடாக வைக்க நீந்தவேண்டும் என்ற பொது நம்பிக்கை இவ்வாறு தலைகீழாயிற்று. துணிவின் இடத்தை உடலியல் பிடித்ததால், எவர்க்கும் கற்பிக்கக்கூடிய ஒரு பாடம் பிறந்தது. ஜனநாயகத் தன்மை வாய்ந்த மாற்றமாக இதனை நாம் கருதுகிறோம். வீரம் சிலருக்கே உரியது. நுட்பத்தைச் சமையற்காரனும் எண்ணெய்க்காரனும் கற்கலாம்.

6

1978ஆம் ஆண்டு இலண்டனில் நிறைவேறிய கடலோடிகளின் பயிற்சி, சான்றளிப்பு, காவற்கடமை நியமங்கள் பற்றிய உடன்படிக்கை 1984இல் நடைமுறைக்கு வந்தது. உயிர்காப்புப் படகைக் கையாளுவோருக்கான சான்றிதழ் அதில் விதியாக இடம்பெற்றது. கடலோடிகள் யாவர்க்கும் தனியாள் உயிர்பிழைப்புப் பயிற்சி வழங்குதலோ, மாநாட்டின் தீர்மானமொன்றில் பரிந்துரையாக மட்டுமே நின்றது. அதனைப் பரிந்துரையிலிருந்து கட்டாயமாக்கியவை 1995ஆம் ஆண்டின் திருத்தங்கள். 1997இல் அவை நடைமுறைக்கு வந்தன. 2010இல் மணிலாவிற் செய்யப்பட்ட திருத்தங்கள், ஐந்தாண்டுக்கொருமுறை அத்தேர்ச்சி குன்றாமையை நிறுவவேண்டும் என்றன. மாநாட்டுக்கு அந்நகர் இடமானது வெறும் தற்செயலன்று. உலகக் கப்பல்களுக்குத் தொழிலாளரை வழங்கும் நாடுகளுள் பிலிப்பைன்ஸ் முதன்மையானது.

இவ்விருபது ஆண்டுகளில் கப்பற்றுறையின் உற்பத்தி உறவுகள் மாறியிருந்தன. உரிமையாளர் ஒரு நாட்டில், கப்பலின் கொடி வேறொரு நாட்டில், பணியாளர் மூன்றாவது நாட்டில் என்றாயிற்று. பழைய கம்பனிகள் தம் செலவிற் பயிலுநரை வளர்த்த முறை தேய்ந்தது. பயிற்சி ஒரு பண்டமாயிற்று. மணிலாவிலும் மும்பையிலும் கொழும்பிலும் இளைஞன் முதலிற் சான்றிதழை வாங்கவேண்டும். பின்னரே வேலை தேடலாம். அக்கட்டணத்தைப் பெரும்பாலும் அவனது குடும்பமே கடன்பட்டுச் செலுத்துகிறது. வேலை தேடித்தரும் முகவர் மாலுமியிடம் கட்டணம் அறவிடுவதைத் தடைசெய்யும் 2006ஆம் ஆண்டுக் கடற்றொழிலாளர் உடன்படிக்கைகூட, மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் பதிவேடு, கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவை அவன்மீது விட்டுள்ளது. தன் உயிரைக் காக்கும் அறிவின் விலையை உழைப்பாளி முற்பணமாகச் செலுத்தும் நிலை இது.

செலவு மாத்திரமன்று, பொறுப்பும் இடம்பெயரக்கூடும். 1980 செப்தெம்பரில் டார்பிசயர் என்ற பெரும் பிரித்தானியச் சரக்குக் கப்பல் ஜப்பானுக்கு அண்மையிற் சூறாவளியில் மறைந்தது. அதிலிருந்த 44 பேரில் ஒருவரும் தப்பவில்லை. படகிறக்க அவகாசமே இருக்கவில்லை. இயற்கையின் சீற்றமே காரணமென முதல் விசாரணை முடித்தது. குடும்பத்தினரும் தொழிற்சங்கமும் ஓயாது போராடினர். 1994இல் கடலடியிற் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் வந்த மதிப்பீட்டாளர் அறிக்கை, முன்புறத்துச் சேமிப்பறையின் மூடியைப் பணியாளர் சரிவரப் பூட்டவில்லை என்று அவர்கள்மீது குறைகண்டது. 2000ஆம் ஆண்டு முடிவுற்ற மறுவிசாரணையே அப்பழியை நீக்கி, முன்தளக் காற்றுக்குழாய்கள் உடைந்து நீர் புகுந்தமையையும் சரக்கறை மூடிகளின் வலுக்குறைவையும் சுட்டியது. இறந்தோர் தம்மீது சுமத்தப்பட்ட குற்றத்திலிருந்து விடுபட இருபது ஆண்டுகள் ஆயின. கப்பல் உறுதியற்றதாயின், நீச்சற்குளத்திற் பெற்ற எந்தச் சான்றிதழும் பயன் தராது.

இதனினும் கொடிய முரண்பாடொன்றுண்டு. பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைக் கிளை 2001இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்காப்புப் படகுகளும் அவற்றை இறக்கும் பொறிகளும் சம்பந்தப்பட்ட விபத்துகளிற் பத்தாண்டுகளில் 12 கடலோடிகள் இறந்ததையும் 87 பேர் காயமுற்றதையும் பதிவுசெய்தது. இவை பெரும்பாலும் பயிற்சியின்போதும் பராமரிப்பின்போதும் நேர்ந்தவை. சுமையோடிருக்கும்போதே கழலக்கூடிய சிக்கலான கொக்கிகள் உரிய வேளைக்கு முன்னரே கழன்று, படகு ஆட்களோடு வீழ்ந்தது. உயிர் பிழைக்கப் பழகியோர் அப்பழக்கத்திலேயே மாண்டனர். முதலிற் குறை காணப்பட்டது அவர்களது கவனத்தில். கொக்கியின் வடிவமைப்புக்கு உறுதியான புதிய விதிகள் 2011இலேதான் வகுக்கப்பட்டன.

7

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து ஒரு பொதுக்கோலம் புலனாகிறது. அழிவு நேரும்போது முதலிற் கூறப்படும் விளக்கம் விதி, அல்லது குணம், அல்லது கவனக்குறைவு. கூலி, சுமை, உடை, குளிர், பொறி எனும் பொருள்வகைக் காரணிகள், இறந்தோரின் உறவினராலும் சங்கங்களாலும் ஆய்வாளராலும் போராடியே வெளிக்கொணரப்படுகின்றன. உயிர்பிழைப்புப் பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரியும் அத்தகையதொரு வழக்கின் தீர்ப்பு.

அதன் பெயரிலுள்ள தனியாள் என்ற சொல் அவ்வரலாற்றை மறைக்கிறது. ஆனால் பயிற்சியின் உள்ளடக்கமோ பெயரை மறுதலிக்கிறது. நீரிலுள்ளோர் ஒருவரையொருவர் பற்றி நெருங்கி மிதக்கவேண்டும் என்றும், தெப்பத்தில் ஏறியவர் முதலில் ஏனையோரைத் தேடவேண்டும் என்றும், காவல் முறைவைத்து மாறவேண்டும் என்றும், ஆளுக்கு ஒன்றரை லீற்றராக வைக்கப்பட்ட நீர் அளந்து பகிரப்படவேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. தெப்பத்தினுள்ளே தனிச்சொத்துக்கு இடமில்லை. சந்தையில் ஒவ்வொருவனும் தனித்தனியே விலைகொடுத்து வாங்கும் அப்பாடம், கூட்டாகவன்றி ஒருவனும் பிழைக்கான் என்பதையே இறுதியிற் போதிக்கிறது.

இப்பாடம் இன்னும் எட்டாத பெருந்திரள் ஒன்று எமது கரையிலேயே உண்டு. கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதிகள் பொதுவாக மீன்பிடிக் கலங்களைத் தம் எல்லைக்கு வெளியே விட்டுள்ளன. மீன்பிடிக் கலத்தினரின் பயிற்சிக்கெனத் தனி உடன்படிக்கை 1995இல் நிறைவேறியும், நடைமுறைக்கு வர 2012 வரை சென்றது. மிகச் சிறிய கலங்களை அதுவும் பெரிதாகத் தொடவில்லை. கவிழ்ந்தாலும் அமிழாத கட்டுமரத்தைப் படைத்த மரபு எம்முடையது. அதில் உயிர்காப்புக் கலம் வேறு, உழைப்புக் கலம் வேறு அன்று. சிறுவயதில் தந்தையோடு கடலுக்குப் போனவன் இரண்டையும் ஒன்றாகவே கற்றான். இன்று வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் இயந்திரப் படகில், முதலாளியின் பங்குக் கணக்கிற்கு உழைப்பவனுக்கு அப்பழைய அறிவும் போதாது, புதிய பயிற்சியும் முழுமையாக எட்டவில்லை. பெருங்கப்பலின் மாலுமிக்கு ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தின் பின் கிடைத்தது, மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நீர்கொழும்பிலும் கடலுக்குச் செல்பவனுக்கும் உரியது. அவன் அதற்குக் கட்டணம் செலுத்தக் கூடாது. அவன் உழைப்பில் வாழ்வோரே அதனைச் செலுத்தவேண்டும்.